கை கழுவுதல்

பந்தலுக்குள் நூற்றெண்பது பேர்.
ஒவ்வொரு வாழ்த்துக்கும் கோப்பை காலியாக வேண்டும்
என்பது காக்கேத்தியில் சட்டம்.
காலியாகாது.
அடியில் ஒரு விரற்கடை எப்போதும் மிஞ்சும்.
அந்த விரற்கடையில்தான்
பதினோரு வருஷம் குடியிருந்தேன்.

ஆண்கள் மேசையில் குடித்தார்கள்.
எழுந்து நின்று நாட்டுக்கு, நட்புக்கு,
பிறகு பெண்களுக்கு.
பெண்களுக்கென்று அவர்கள் எழுந்த நேரமெல்லாம்
நான் பாத்திரத் தொட்டியருகே
யாரோ ஒருவரின் உதட்டுப் பிசுக்கோடு
யாரோ ஒருவரின் மீசை மயிரோடு
எச்சில் கோப்பைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்,
தொண்டைக்குள்.
குடிகாரி என்று ஒருவரும் சொன்னதில்லை.
சியூரி நல்ல உழைப்பாளி என்றார்கள்.
எந்த விருந்திலும் பாத்திரத்துக்கு அவள்தான்.

இன்று நூற்றுப் பன்னிரண்டாவது நாள்.
இன்று என் கொழுந்தன் மகனுக்குக் கல்யாணம்.

போகாதே என்றார் நோதார்.
தெலாவியில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை,
வியாழக்கிழமை, ஏழு ஆண்கள், நான்.
நோதார் மினிபஸ் ஓட்டுகிறவர்.
விட்டு ஒன்பது வருஷம். எப்போதிலிருந்து என்று கேட்டால்
"காலையிலிருந்து" என்பார்.

போகாவிட்டால் ஏன் வரவில்லை என்பார்கள்.
போனால், ஏன் குடிக்கவில்லை என்று
அடுப்படியில் நிற்பவளை யார் கேட்பார்?
எனக்கிருந்த ஒரே சலுகை அது.

தட்டு வருகிறது. மூச்சைப் பிடி. ஊற்று.
குழாயைத் திற.
சபெராவி தொட்டியில் கறுத்து, சிவந்து,
ரோஜா நிறமாகி, தண்ணீராகிப் போவதற்கு
நாலு நொடி ஆகிறது.
அந்த நாலு நொடியும் நான் சுவரைப் பார்க்கிறேன்.
இந்தத் தட்டு மட்டும்.
அடுத்த தட்டை அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்போது வெளியே
வாழ்த்துச் சொல்லும் மால்காஸின் குரல் தாழ்ந்தது.
இல்லாதவர்களுக்கு, என்றான்.
பெயர்கள். ஒன்றில் என் கை நின்றது.
ரேவாஸ்.

பேகா வந்தான், பத்து வயது,
விளிம்பையே பார்த்தபடி, இரண்டு கையாலும் ஏந்தி.
"உங்களுக்காம். மாமா பேரில்."
அடுப்படிப் பெண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள்.
செத்தவர் பேரில் வந்ததை மறுக்க முடியாது.

எச்சிலை ஊற்றப் பழகியிருந்தேன்.
எனக்கென்று தளும்பத் தளும்ப
யாரும் எதையும் தந்ததில்லை அதுவரை.

ரேவாஸுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.
அவன் கோப்பையில் மட்டும்
இரண்டு விரற்கடை மிஞ்சியிருக்கும், எப்போதும்.
அன்பா அது? வேறெதுவுமா?
கேட்கவில்லை. அவனும் சொல்லாமல் போனான்.

ரொட்டியில் நாலு துளி விட்டுவிட்டுக் குடிப்பது
இங்கே வழக்கம், செத்தவர் பங்கு.
ஒரு துண்டு பிய்த்தேன்.
நாலு துளி. ஐந்து.
கை நடுங்கியது, நிறுத்தவில்லை.
ரொட்டி குடித்தது, ஊறியது, தட்டு நிறைந்து
மேசை நனைந்து என் செருப்பில் சொட்டியது.
"எல்லாத்தையுமா?" என்றான் பேகா.
"உன் மாமாவுக்கு எப்பவும் தாகம்தான்."
பெண்கள் சிலுவையிட்டுக்கொண்டார்கள்.
ஒருத்தி அழுதாள், வேறெதையோ நினைத்து.

ஊறிய ரொட்டியும் குடிதான்.
எனக்குத் தெரியாதா?
தட்டைக் கை நீட்டி, முகம் திருப்பி,
கொல்லைக்குக் கொண்டுபோய்
பன்றிக்குப் போட்டேன். அதற்கு நல்ல இரவு.

ஒன்றை விட்டவளைக்
கை கழுவிவிட்டாள் என்பார்கள்.
எனக்கு முழங்கைவரை
திராட்சை நாறிக்கொண்டேயிருந்தது.
சோப்பு. மறுபடி சோப்பு.

இரண்டரை மணிக்கு நோதாரைக் கூப்பிட்டேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
"இன்னும் எத்தனை?"
நாளைக் கேட்கிறாரோ என்று ஒரு கணம் குழம்பி,
பிறகு தட்டைப் பார்த்து எண்ணினேன்.
"இருபத்து மூணு."
"சரி, கழுவு. போனைப் பக்கத்தில் வை.
நான் வைக்க மாட்டேன்."